துசியந்தி பார்க்கும் ஊமைப்படங்கள்

என் மனைவி துசியந்திக்கு உலகத்தில் பிடிக்காத சாமான் ஒன்று இருக்கிறதென்றால் அது தொலைபேசிதான். சமையலறையில் அவளுடைய போன் அலறிக்கொண்டு கிடக்கும். அவள் தன்பாட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பாள். "இஞ்சேருங்கோ, உதை ஒருக்கா எடுங்கோவன்" என்று எனக்கு உத்தரவு வரும். எடுத்தால் பாரிசிலிருந்து அவளுடைய தங்கை. "அத்தான், அக்கா இல்லையோ?" என்பாள். இருக்கிறா, ஆனால் கதைக்கமாட்டா என்று நான் அசடு வழியவேண்டும். சொந்தக்காரருக்கெல்லாம் அவள் பெரிய தலைக்கனக்காரி.

இப்படிப்பட்டவளுக்குச் சம்பளம் கொடுப்பதே போன் எடுப்பதற்குத்தான் என்றால் யார் நம்புவார்கள்? 999 ஐ அழுத்தி அம்புலன்ஸ் வேண்டுமென்று பதறுகிறோமே, அப்போது மறுமுனையில் வரும் குரல்களில் ஒன்று இவளுடையது. ஷிப்ட் முழுவதும் காதுக்குள் ஊர்ப்பட்ட அலறல். வீட்டுக்கு வந்தபின் இன்னொரு மணியோசையை அவளால் தாங்க ஏலாது. இது எனக்கு விளங்கச் சில வருடம் எடுத்தது. நான் கார் ஓட்டக் கற்பிக்கிறவன். பொறுமையாக இருப்பதற்கு மணிக்கணக்கில் காசு வாங்குவதால் வீட்டில் பொறுமை மிஞ்சுவதில்லை.

துசியந்தி யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்துக்காரி. பத்தொன்பது வயதில் தனியாக இந்த லண்டனில் வந்து இறங்கியவள். முதலில் சவுத்தாலில் ஒரு இனிப்புக் கடையில் ஜிலேபி பெட்டி கட்டினாள். பிறகு சூப்பர் மார்க்கெட்டில் டில், அதாவது கல்லாவில் காசு வாங்கும் வேலை. பிறகு கவுன்சிலில், அதுதான் நகரசபையில், கூரை ஒழுகுகிறது, பாத்ரூமில் எலி என்று போன் அடிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அங்கே அவள் வாங்காத ஏச்சு இல்லை. ஏச்சு வாங்கினாலும் குரல் உயராது என்பதைக் கண்டுபிடித்த ஒரு மேலாளர்தான் அம்புலன்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன், அவளுடைய குரலை எனக்கு முன்னால் கவனித்ததற்காகக் கொஞ்சம் பொறாமையும் படுகிறேன்.

அந்த வேலையில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எங்கே? என்ன நடந்தது என்பதெல்லாம் பிறகு. இடம் தெரிந்தால்தான் வண்டி கிளம்பும். ஒருநாள் நான் ஏணியிலிருந்து தோட்டத்தில் விழுந்து "ஐயோ" என்று கத்த, உள்ளேயிருந்து "எங்க நிக்கிறியள்?" என்று கேட்டாள். நிற்கவில்லை, கிடக்கிறேன் என்றேன். அவள் ஓடி வந்துவிட்டாள், ஆனால் ஓடி வரும்போதும் நான் எத்தனையாம் படியிலிருந்து விழுந்தேன் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவள் வேலையில் எதையும் பார்ப்பதில்லை. சத்தம் மட்டும்தான். யாரோ அழுவது, நாய் குரைப்பது, டிவி அணைக்காமல் ஓடுவது. பிறகு கதவு திறக்கும் சத்தம், அம்புலன்ஸ்காரரின் சப்பாத்துச் சத்தம், "வந்திட்டினம், வந்திட்டினம்" என்று ஒரு குரல், அதோடு லைன் போய்விடும். அந்த மனிதர் பிழைத்தாரா, பிள்ளை பிறந்ததா, ஒன்றும் தெரியாது. அடுத்த அழைப்பு வந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் ஊமைப்படங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தன. கிங்ஸ்பரியில் ஒரு தேவாலய மண்டபத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் பழைய ஊமைப்படம் போடுவார்கள். ஒரு மழை நாளில் ஒதுங்கப்போய் உள்ளே போனோம். தேத்தண்ணியும் கேக்கும் இலவசம் என்று வாசலில் எழுதியிருந்ததும் ஒரு காரணம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. நடத்துகிறவர் கோதை. மதுரைப் பக்கத்துப் பெண், வாரம் முழுக்க வங்கியொன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு திரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். படத்துக்கு முன்னால் கொஞ்சம் பேசுவார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் இடையிடையே தமிழிலும் சொல்லுவார்.

அன்றைக்குப் போட்டது ஒரு தீயணைப்புப் படம். சில நிமிடங்கள்தான். வீடு பற்றி எரிகிறது, அறைக்குள் தாயும் பிள்ளையும். தீயணைப்புக்காரர் யன்னலால் வந்து தாயைத் தூக்கிக்கொண்டு போகிறார், திரும்பி வந்து பிள்ளையைத் தூக்குகிறார். சரி, முடிந்தது என்று நான் கேக்கை எடுக்க, படம் வீதிக்கு வந்து மறுபடியும் அதே தாய், அதே பிள்ளை, அதே ஏணி. தாயை இன்னொருமுறை காப்பாற்றுகிறார்கள்.

"பிழையா ஒட்டிப் போட்டாங்களோ?" என்றேன்.

கோதை சிரித்தார். "ஆமா, எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. அந்தக் காலத்துல ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நடக்கறதை எப்படிக் காட்டறதுன்னு அவங்களுக்குப் பிடிபடலை. அதனால உள்ளேயிருந்து ஒரு தடவை, வெளியேயிருந்து ஒரு தடவை. கொஞ்ச வருஷம் கழிச்சுத்தான் இங்க ஒரு துண்டு, அங்க ஒரு துண்டுன்னு மாத்தி மாத்திக் காட்டக் கத்துக்கிட்டாங்க. நேரம் ஆக ஆகத் துண்டு சின்னதாகும். நமக்கு மூச்சு முட்டும்."

ஆளைத் தண்டவாளத்தில் கிடத்திவிட்டு ரயிலை ஓட விடும் வித்தையைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை, அதற்கு முந்தியே இந்த லண்டன் நாடக மேடைகளில் அட்டை ரயிலை ஓடவிட்டுச் சனங்களை அலற வைத்தார்கள் என்றும் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. துசியந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேக்கும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஷிப்ட் இல்லாத முதல் ஞாயிறுகளெல்லாம் கிங்ஸ்பரிதான். வீட்டுக்குள் ஒரு பெண், வாசலில் திருடர், தூரத்தில் கணவன். மரம் அறுக்கும் ஆலை, வாளை நோக்கி நகரும் பலகை, அதில் கட்டிப்போட்ட கதாநாயகன். பிறகு வந்த தொடர்ப் படங்களில் பெண்களே ஓடும் ரயிலில் குதித்தார்கள். யாரையும் எதிர்பாராமல் தாங்களே தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மண்டபத்து மூலையில் ஒரு மனிதர் பியானோவைப் போட்டு அடித்துக்கொண்டிருப்பார். நான் கார்களைப் பார்ப்பேன். காப்பாற்றப் போகிறேன் என்று சந்தியில் நிற்காமல், கண்ணாடி பார்க்காமல், கோழிகளைக் கலைத்துக்கொண்டு போகும் அந்தக் கதாநாயகன் என்னிடம் படித்திருந்தால் ஒருநாளும் லைசென்ஸ் எடுத்திருக்கமாட்டான்.

துசியந்தி முன்வரிசையில் இருந்து ஒவ்வொரு முறையும் அழுவாள். கணவன் கதவை உடைத்து உள்ளே வந்து மனைவியையும் பிள்ளைகளையும் கட்டிப்பிடிப்பானே, அந்த இடத்தில். எனக்கு எரிச்சல் வரும்.

"உமக்கென்ன விசரோ? வந்து காப்பாத்துவான் எண்டு தெரியும்தானே. இல்லாட்டி ஏன் படம் எடுக்கிறாங்கள்?"

"தெரியும். அதுக்குத்தான் வாறன்" என்றாள்.

அதை யோசிக்க எனக்கு அந்த வாரம் முழுவதும் தேவைப்பட்டது. வேலையில் அவளுக்குச் சத்தம் உண்டு, படம் இல்லை, முடிவும் இல்லை. இங்கே சத்தம் இல்லை. ஆனால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, முடிவும் வந்துவிடுகிறது. கடவுளே, இவளுக்கு இது மருந்து என்று எனக்கு அப்போதுதான் பட்டது. அதன்பிறகு படம் ஓடும்போது நான் குறட்டை விடாமல் இருக்க முயற்சி செய்தேன்.

ஒருமுறை ஒரு தொலைபேசிப் படம் போட்டார்கள். திருடர்கள் கதவை இடிக்க, பெண் கணவனுடைய அலுவலகத்துக்குப் போன் எடுக்கிறாள். அந்தக் காலத்தில் நடுவில் ஒரு பெண் இருந்து லைனைப் பொருத்திவிட வேண்டும். திரையில் அவள் ஒரு நொடி வருகிறாள்: காதில் கருவி, முகத்தில் பதற்றம், கையில் கம்பி. பொருத்துகிறாள். அவ்வளவுதான். பிறகு வீடு, கார், வீடு, கார். எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். விளக்கு போட்டதும் துசியந்தி கோதையிடம் போனாள்.

"அந்த லைன் குடுத்த பெட்டைக்கு ஆர் முடிவைச் சொன்னது?"

கோதை சுருட்டிக்கொண்டிருந்த திரையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "யாரும் சொல்லலைங்க. அதை யாரும் எடுக்கலை" என்றார்.



இனி எழுதப்போவதைத் துசியந்தி எனக்குச் சொல்லவில்லை. வேலையில் கேட்டதை வீட்டில் சொல்லக்கூடாது என்பது விதி. அவள் விதியை மீறுகிறவள் அல்ல. இது தவநாயகி அம்மாவும் அவருடைய அக்கா கல்யாணியும் பிறகு எனக்குச் சொன்னது. எழுதுங்கோ தம்பி என்று சொன்னதும் அவர்கள்தான்.

தவநாயகி அம்மாவும் அவருடைய கணவர் பத்மநாதனும் வட லண்டன் எட்மண்டனில் இருந்தார்கள். பெற்றோல் நிலையம் நடத்தி ஓய்ந்த மனிதர். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சோபாச் செற்றியில் சாய்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அம்மா போனை எடுத்தார். யாருக்கு அடித்தார்? 999 க்கா? எங்கள் ஆட்களில் யார்தான் அதைச் செய்திருக்கிறார்கள்? வீட்டில் என்ன நடந்தாலும் முதல் போன் அக்காவுக்குத்தான். கிங்ஸ்பரியில் கல்யாணி அம்மா அடுப்பில் சோறு வைத்துக்கொண்டு நின்றார். தங்கையின் அழுகை கேட்டதும் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, வீட்டுப் போனில் 999 அடித்தார். அந்த அழைப்பு துசியந்தியின் காதில் விழுந்தது.

எங்கே என்று கேட்டாள். கல்யாணி அம்மா தன்னுடைய விலாசத்தைச் சொன்னார். பதறிய நேரத்தில் வாயில் வருவது பாடமான விலாசம்தானே. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்களா என்று கேட்டாள். யெஸ், யெஸ் என்றார். அது பொய்யில்லை, அவருடைய மனம் தங்கையின் பக்கத்தில்தான் நின்றது. வண்டி கிங்ஸ்பரிக்குக் கிளம்பியது.

மூச்சு விடுகிறாரா என்று துசியந்தி ஆங்கிலத்தில் கேட்டாள். "மூச்சு விடுறாரோ எண்டு கேக்கினம்!" என்று கல்யாணி அம்மா வீடு அதிரக் கத்தினார். ஒரு கணம் கழித்துத்தான், கரகரத்த ஒரு குரல் எங்கோ தள்ளிக் கேட்டது: "தெரியேல்லை அக்கா, தெரியேல்லை!"

ஒரே அறையில் நிற்கிறவளிடம் யாரும் அப்படிக் கத்துவதில்லை. எங்கள் ஆட்கள் போனில்தான் அப்படிக் கத்துவார்கள், தூரத்துக்கு ஏற்ற சத்தம் வேண்டுமென்று நினைத்துக்கொண்டு. துசியந்திக்கு அந்தக் கத்தல் போதுமாக இருந்தது. ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

"அம்மா, நான் தமிழ்தான். பதறாமல் சொல்லுங்கோ. ஐயா கிடக்கிறது எந்த வீட்டில?"

கல்யாணி அம்மா சொல்கிறார், அந்த நேரத்தில் தமிழ் கேட்டதும்தான் தான் நிற்பது கிங்ஸ்பரியில் என்பதே தனக்கு உறைத்ததாம். எட்மண்டன் விலாசம் வந்தது. கிங்ஸ்பரிக்குப் போன வண்டியைத் திருப்பினார்கள். எட்மண்டனுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொன்றை அனுப்பினார்கள். இதற்குள் பொன்னான நேரம் கொஞ்சம் போய்விட்டது.

இனி இரண்டு போன். கல்யாணி அம்மா வீட்டுப் போனையும் கைப்பேசியையும் முகத்தோடு முகம் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். துசியந்தி சொல்வது ஒன்றுக்குள்ளால் போய் மற்றதுக்குள்ளால் எட்மண்டனுக்குப் போனது.

"முன்கதவைத் திறந்து விட்டிட்டு ஓடி வாங்கோ அம்மா. சங்கிலியையும் கழட்டுங்கோ."

படங்களில் கதவைப் பூட்டத்தான் படாதபாடு படுவார்கள். இங்கே திறக்கவேண்டும். திறந்தார்.

"ஐயாவை நிலத்தில இறக்கவேணும்."

"ஏலாது பிள்ளை, அவர் பாரமெல்லோ."

"காலைப் பிடிச்சு இழுங்கோ. விழுந்தாலும் பரவாயில்லை. இழுங்கோ."

இழுத்தார். ஐயா நிலத்தில் விழுந்தார். அடுத்ததுதான் நடக்கவில்லை. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்துப் பலமாக அமத்தச் சொன்னால், தவநாயகி அம்மா வைத்த கையை எடுத்துவிட்டார். நாற்பது வருடம் அவருக்குச் சோறு போட்ட கை. "அவரை நான் எப்பிடி அடிக்கிறது?" என்று அழுதார்.

"அடிக்கேல்லை அம்மா. அவற்ற நெஞ்சு செய்யிற வேலையை இப்ப நீங்கள் செய்யிறியள். நான் எண்ணுறன். என்னோட சேர்ந்து அமத்துங்கோ. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு."

அந்த எண்ணிக்கை நிற்கவேயில்லை என்கிறார்கள் இருவரும். அம்மா களைத்துப்போய் "ஏலாது" என்றார். "ஏலும் அம்மா, ஒண்டு, ரெண்டு" என்றாள் இவள். கிங்ஸ்பரியில் கல்யாணி அம்மாவும் தன்னையறியாமல் சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டார். சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. மூன்று பெண்கள், மூன்று இடத்தில், ஒரே எண்ணிக்கை. பிறகு எட்மண்டனில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. "வந்திட்டினம் அக்கா" என்றார் தவநாயகி அம்மா. லைன் போய்விட்டது.

அன்று பின்னேரம் துசியந்தி வீட்டுக்கு வந்து காரைவிட்டு இறங்கவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தபோது கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன.

"தமிழ் ஆக்கள். ஒரு ஐயா" என்றாள். பெயரில்லை, இடமில்லை. கொஞ்சம் கழித்து, "வண்டி முதல்ல பிழையான வீட்டுக்குப் போயிட்டுது. நான் கெதியாப் பிடிச்சிருக்கவேணும்" என்றாள்.

அடுத்த ஷிப்டில் முதல் மணி அடித்ததும் அவளுக்குக் குரல் வரவில்லை. மேலதிகாரிகள் நல்லவர்கள், லைனிலிருந்து எடுத்துப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் போட்டார்கள். அங்கேயே வாரங்கள் ஓடின. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஐயா இருக்கிறாரா? இருந்தால் அவள் மறுபடியும் போன் எடுப்பாள். இல்லையென்றால் டில்லுக்கே போய்விடப்போவதாகச் சொன்னாள். "அங்க ஆரும் சாகமாட்டினம்" என்றாள்.

தேடிக் கண்டுபிடிப்பது அவளுடைய வேலையில் கூடாது. ஆனால் நான் அந்த வேலையில் இல்லையே! லண்டன் தமிழருக்குள் ஒரு செய்தி கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? இரண்டு மரக்கறிக் கடை, ஒரு கோயில். போதாக்குறைக்கு மரண அறிவித்தல் இணையத்தளம் வேறு. காலைத் தேத்தண்ணியோடு அதைப் பார்க்காவிட்டால் எங்களில் பாதிப்பேருக்குப் பொழுது விடிந்ததாகவே இருக்காது. பெயர் தெரியாது, இடம் தெரியாது. இருந்தாலும் லண்டனில் காலமான ஒவ்வொரு ஐயாவையும் நான் உற்றுப் பார்த்தேன். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு கை வந்து மடிக்கணினியை மூடியது.

"உதைப் பாக்கவேண்டாம். அவர் உதுக்குள்ள இருந்தா நான் என்ன செய்யிறது?"

அதன்பிறகு நான் பார்க்கவில்லை. சத்தியமாக.

கிங்ஸ்பரிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். கோதை ஒருநாள் எனக்குப் போன் எடுத்து, "உங்க வீட்டம்மாவைக் காணோமே, இந்த வாட்டி சூப்பர் ரயில் படம்" என்றார். சொன்னேன். துசியந்தி வரமாட்டேன் என்று தலையாட்டினாள். "அதெல்லாம் பொய். அங்க கார் எப்பவும் சரியான வீட்டுக்குத்தான் போகுது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அன்றைக்கு என்னிடம் கார் பழகிய பிள்ளை பாவம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய மேலாளர் அவளைக் கூப்பிட்டார். ஒரு குடும்பம் உங்களைச் சந்திக்க விரும்புகிறது, முறைப்படி கேட்டிருக்கிறார்கள், விருப்பமென்றால் போகலாம் என்றார். எந்தக் குடும்பம் என்று சொன்னார். அந்த மனிதரைப் பற்றி அவர் சொல்லவில்லை. இவள் கேட்கவில்லை.

"கேட்டிருக்கலாமே!" என்றேன்.

"கேக்கப் பயமா இருந்தது."

ஞாயிறு பின்னேரம் கல்யாணி அம்மாவின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான் உளறிக்கொண்டு வந்தேன். நன்றி சொல்லத்தானே கூப்பிடுகிறார்கள், செத்த வீட்டுக்காரர் யாராவது நன்றி சொல்லக் கூப்பிடுவார்களா, ஆள் நிச்சயம் இருக்கிறார், உமக்குத் தேத்தண்ணி ஊத்தித் தரப்போகிறார். அவள் சீலையின் கரையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

மணியை அழுத்தினோம். கதவைத் திறந்தவர் தவநாயகி அம்மா. நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. பொட்டில்லை.

எங்களுக்கு வேறு ஒன்றும் தேவையிருக்கவில்லை. துசியந்தி படியிலேயே நின்றுவிட்டாள். நான் அவளுடைய முழங்கையைப் பிடித்தேன். திருப்பிக் காருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவோமா என்றுகூட நினைத்தேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றாள் துசியந்தி.

தவநாயகி அம்மாவின் முகம் மாறியது. அவர் அவளுடைய முகத்தை அப்போதுதான் பார்க்கிறார், ஆனால் குரல் தெரிந்துவிட்டது. "அக்கா! அந்தப் பிள்ளைதான்! குரலைக் கேளுங்கோ!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அக்கா சமையலறையில்தான் நின்றார். ஆனாலும் போனில் கத்துவதுபோலவே கத்தினார். இரண்டு பேருமாக அவளை இழுத்துக்கொண்டுபோய் இருத்தினார்கள்.

"என்னத்துக்கு மன்னிப்பு?" என்றார் தவநாயகி அம்மா.

"ஐயாவை..."

"ஐயா போயிட்டார். ஓம். ஆனா அண்டைக்குப் போகேல்லை பிள்ளை. இதயம் திருப்பி அடிச்சுது. ஆஸ்பத்திரியில கண் முழிச்சார். எங்கட மகள் ஜதுர்ஷிகா டொரன்ரோவில. அவள் வந்து சேர்ந்தாள். வந்து நிண்டவளைப் பாத்து, இந்தக் குளிருக்குள்ள கோட்டுப் போடாமலோ வந்தனி எண்டு ஏசினார். நல்லா ஏசினார். அவள் ஏச்சு வாங்கிக்கொண்டு சிரிச்சாள். தகப்பனும் மகளும் நல்லாக் கதைச்சினம். பிறகுதான் போனார், நித்திரையில."

துசியந்தி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். "வண்டி நேர வந்திருந்தா இன்னும் இருந்திருப்பார் அம்மா."

"அது நான் பிள்ளை, நான் சொன்ன விலாசம்" என்று கல்யாணி அம்மா வாசலில் நின்று அழத் தொடங்கினார். தவநாயகி அம்மா கையைக் காட்டி அவரை அடக்கினார்.

"டொக்டரட்டை நானும் கேட்டனான். அவற்ற இதயம் முதலே பழுதாம். கொஞ்சம் முந்தி வந்திருந்தாலும் உப்பிடித்தான் எண்டவர். அதை விடுங்கோ. நான் உங்களைக் கூப்பிட்டது வேற கதைக்கு."

அவர் தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்தார்.

"நான் ஒண்டும் தெரியாதவள் பிள்ளை. எல்லாம் அவர்தான். அண்டைக்கு நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்? அக்காவோட போனில அழுதுகொண்டு இருந்திருப்பன். அவர் எனக்கு முன்னால கிடக்க, நான் பாத்துக்கொண்டு இருந்திருப்பன். அதுக்குப் பிறகு நான் சீவிக்கிறதெப்பிடி? ஒவ்வொரு இரவும் அந்தச் செற்றியைப் பாத்து, நான் அவரைச் சும்மா விட்டிட்டன், சும்மா விட்டிட்டன் எண்டு... இப்ப எனக்கு அப்பிடி இல்லை. என்ர கை அவற்ற நெஞ்சில இருந்தது. நான் விடேல்லை. நீங்கள் என்னை விடவிடேல்லை."

துசியந்தி அந்தக் கைகளை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். கல்யாணி அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். அழுதபடியே சாப்பிட்டோம். மூன்றாவது வடையில் தவநாயகி அம்மா சிரித்தார்.

"இனி ஏதும் நடந்தா அக்காவுக்கு முதல் உங்களுக்குத்தான் அடிப்பன்."

"எனக்கில்லை அம்மா, 999 க்கு" என்றாள் துசியந்தி. "அவ அடிக்கமாட்டா, பாருங்கோ" என்றார் கல்யாணி அம்மா.

திரும்பி வரும்போது நான் வீதியை மட்டும் பார்த்து ஓட்டினேன். வெம்பிளி தாண்டும்வரை அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை லைனுக்குத் திரும்பிப் போறன் எண்டு சொல்லப்போறன்."

"ஐயா இல்லாட்டிப் போகமாட்டன் எண்டீர்?"

"இவ்வளவு நாளும் நான் ஐயாவைப் பற்றியே யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன்" என்றாள். "லைனில இருந்தது அம்மா."